தோளில் ஏறிய படகு

திருவண்ணாமலைக்காரர்களை ரோட்டோரம் நிறுத்தி வேடிக்கை பார்க்க வைப்பது அத்தனை சுலபமில்லை. தேர் பார்த்த ஊர், மலை உச்சியில் தீபம் பார்த்த ஊர். செங்கம் ரோட்டில் ஜடாமுடியோடு ஒரு வெள்ளைக்காரர் வெறுங்காலில் நடந்து போனால் டீக்கடையில் ஒருத்தர்கூடத் தலையைத் தூக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட ரோட்டில், போன ஆனி மாதம், ஒரு மினி லாரி பின்னால் டிரெய்லரைக் கட்டி, அதன்மேல் ஒரு படகை வைத்து இழுத்துக்கொண்டு வந்தபோது, பரோட்டா மாஸ்டர் கையில் மாவோடு வெளியே வந்து நின்றுவிட்டார்.

படகு என்றால் கப்பல் மாதிரி எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு ஆட்டோவை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டிய ஃபைபர் படகு. வெயிலிலும் தண்ணீரிலும் கிடந்து கிடந்து, துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடச் சட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. லாரி ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு சந்தில் திணறித் திரும்பி, இளவரசனின் பட்டறை வாசலில் நின்றது. முன்சீட்டிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் இளவரசன் கையிலிருந்த ஸ்பிரே கன்னை அப்படியே கீழே வைத்துவிட்டான். பாதி பெயிண்ட் அடித்த ஆட்டோ பாதியிலேயே நின்றது.

"போட்டு ஒழுவுது. பாக்கறியா?" என்றார் இறங்கியவர். அவர் பெயர் அப்பாதுரை. சாத்தனூர் அணையில் மீன் பிடிக்கிறவர். இந்த மனிதர் தன்னிடம் ஏதாவது ஒன்று கேட்க மாட்டாரா என்று இளவரசன் சில வருடங்களாகக் காத்துக்கொண்டிருந்தான்.

இளவரசன் நாற்பதை நெருங்குகிறவன். அடி அண்ணாமலையில் பிறந்தான். அப்பா மணிலாக் கடலை பயிர் போட்டுக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். அங்கே பெயிண்ட் அடித்தது இயந்திரக் கை. அது ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்ப்பது இவன் வேலை. "அது ஒரு நாளும் தப்பா அடிக்கல. அப்புறம் நான் இன்னாத்துக்கு அங்க நிக்கறேன்?" என்று கேட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தவன்தான். சொந்தமாகப் பட்டறை போட்டான். கிரிவலத்துக்கு ஆள் ஏற்றி வரும் வேன்கள், இடித்து நசுங்கிய கார்கள், பஸ்களின் உடைந்த ஃபைபர் முகப்புகள் எல்லாம் இவனிடம் வந்து முகம் கழுவிக்கொண்டு போகும்.

இன்னொன்றும் உண்டு. அதை வேலை என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சாமி தூக்குவான். கார்த்திகைத் திருவிழாவில் உற்சவ மூர்த்திகள் வாகனங்களில் மாட வீதி சுற்றும்போது, தண்டுக்குத் தோள் கொடுக்கிற கூட்டங்களில் ஒன்று அவன் சித்தப்பா அருணகிரியுடையது. இளவரசனுக்கு அதில் இடது தோள். பத்து நாளும் பட்டறைக்குப் பூட்டுத்தான். யார் வந்து கெஞ்சினாலும், அது மந்திரி வீட்டுக் காராகவே இருந்தாலும், "தீபம் முடியட்டும்" என்பதோடு சரி.

மனைவி சந்திரகலா ஆசிரமத்துக்கு அருகே ஒரு கெஸ்ட் ஹவுஸை நடத்துகிறாள். எந்த நாட்டுக்காரரானாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் மேளம் தட்டினால், அவர் மொழியே தெரியாமல் அவரை உட்கார வைத்துவிடுவாள். மகள் இனியாவுக்கு மூன்றரை வயது.

இனியா பிறந்த கதையைச் சொல்லாமல் அப்பாதுரை யார் என்று சொல்ல முடியாது. அந்த வருடம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. இவர்கள் வீடு ஏரிக்குக் கீழே புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்று. ஏரி அங்கே இருப்பது மனை வாங்கும்போதே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததுதான். ஆனால் காய்ந்து கிடக்கிற ஏரியைப் பார்த்து யார் பயப்படுகிறார்கள்? ஒரு நாள் விடிகாலை ஏரி நிரம்பி வழிந்து தெருவுக்குள் வந்துவிட்டது. சந்திரகலாவுக்கு நிறைமாதம். தண்ணீர் இடுப்புக்கு ஏறிய நேரம் பார்த்து அவளுக்கு வலியும் வந்தது. ஆம்புலன்ஸ் மேட்டு ரோட்டில் நின்றுகொண்டு இதற்கு மேல் வர முடியாது என்றது. அவளை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு இளவரசன் மொட்டை மாடியில் நின்று கத்தினான். யாரைக் கூப்பிடுகிறோம் என்றே தெரியாமல் கத்தினான்.

அப்பாதுரை மோட்டாரைப் பழுது பார்க்கத் தன் படகையே டிரெய்லரில் டவுனுக்குக் கொண்டு வந்து, அணைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மேட்டு ரோட்டில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. டிரெய்லரோடு படகைப் பின்னால் தள்ளித் தெருத் தண்ணீரில் இறக்கினார், நேராக இவர்கள் வீட்டுக்கு வந்தார், சந்திரகலாவைப் படுக்க வைத்து மேட்டு ரோட்டுக்குக் கொண்டு சேர்த்தார். ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் இனியா பிறந்தாள். அந்த நேரம் அப்பாதுரை மற்ற வீடுகளுக்குப் படகில் போய்வந்துகொண்டிருந்தார். வெள்ளம் வடிவதற்குள் யாரிடமும் சொல்லாமல் போயும் விட்டார்.

இதற்கு என்ன சொல்வது? நம் ஊரில் நன்றி என்ற சொல் மைக்குக்கு உரியது. விழா முடிவில் ஒருவர் எழுந்து சொல்வார், மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். வீட்டுக்குள் அந்தச் சொல்லை எடுத்தால் ஏதோ சண்டை என்று நினைப்பார்கள். இளவரசன் வாயால் சொல்லத் தெரியாமல் கையால் சொல்லப் பார்த்தான். வேட்டி சட்டை, தட்டு நிறையப் பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆளை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அணைக்குப் போனான். அப்பாதுரை பழத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் தந்தார். "ரோட்டுல தண்ணி இருந்துச்சி, என்னாண்ட போட்டு இருந்துச்சி. அவ்ளோதான். கொழந்தய நல்லா பாத்துக்க, போ" என்றார். பேர் வைக்கும் விழாவுக்கு அழைத்தான், வரவில்லை. பொங்கலுக்கு அழைத்தான், வலை இருக்கிறது என்றார். ஒவ்வொரு முறையும் கொண்டு போனதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரும்போது இளவரசனுக்கு அது போனபோதைவிடக் கனத்தது.

இப்போது அவரே வந்து நிற்கிறார், படகோடு.

"ரொம்ப நாளாவே ஒழுவுதுப்பா. இந்த வருசம் ஜாஸ்தி. ஒரு கை வலைய இழுத்தா மறு கை தண்ணி எறைக்குது. தோள்பட்ட போயிடுச்சி" என்றார். ஆடிப்பெருக்கு முடிந்ததும் அணையில் வலை போட விடுவார்கள். அதற்கு முன்னால் மீனவர் சங்கத்து ஆட்கள் ஒவ்வொரு படகாகத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். தண்ணீர் ஏறுகிற படகு கரையிலேயே நிற்க வேண்டியதுதான். "ஆவலன்னா வுட்டுடு. மருமவன் லாட்ஜுல வாட்ச்மேன் வேல இருக்குதாம், வரச் சொல்றான். தொப்பி போட்டுக்கினு குந்தியிருக்க வேண்டியதுதான்." சொல்லும்போதே அவர் முகம் தொங்கிப் போனது. இளவரசன் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டான். இந்த மனிதர் தலையில் அந்தத் தொப்பி ஏறக் கூடாது.

அடிப்பக்கம் முழுவதையும் சுரண்டி, ஃபைபர் துணி ஒட்டி, ரெசின் பசை பூசி, பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்குப் படகை டிரெய்லரிலிருந்து இறக்கிக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பூசினால் ரெசின் படகில் ஒட்டாது, இவன் மூஞ்சியில்தான் ஒட்டும். கிரேன் சந்துக்குள் நுழையாது. ஜேசிபி என்றதும் அப்பாதுரை கையை ஆட்டிவிட்டார். "அதுக்குப் போட்டும் ஒண்ணுதான், பாறாங்கல்லும் ஒண்ணுதான். பழைய ஃபைபரு, ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தொங்கிச்சின்னா முறிஞ்சிபூடும்" என்றார். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் தூக்க வேண்டும். இளவரசன் யோசித்துக்கொண்டே தன் இடது தோளைத் தடவினான். பிறகு சித்தப்பாவுக்குப் போன் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருணகிரி தன் கூட்டத்தோடு வந்து இறங்கினார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. படகைச் சுற்றி வந்து, ஒரு தட்டுத் தட்டி, "இதுக்காடா என்னைக் கூப்ட்ட? பூக்கூடை மாதிரி இருக்குது" என்றார். இருந்தாலும் முறை முறைதான். படகுக்கு அடியில் பட்டை பெல்ட்டுகளைக் கொடுத்து இரண்டு நீளத் தண்டுகளில் கட்ட வைத்தார். ஆட்களை உயரத்துக்கு உயரம் ஜோடி சேர்த்தார். ஒரு விரல் குட்டையாக இருப்பவன் துண்டை ஒரு மடிப்பு கூட மடித்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பாதுரை ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். படகுக்கு நல்ல ஆட்கள்தான் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இங்கேதான் இளவரசன் ஒரு காரியம் செய்தான். ஒரு சூடம் கொளுத்தினால் போதும் என்று சந்திரகலா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவன் கேட்டால்தானே. படகின் மூக்குக்கு ஆளுயரச் சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் சந்தனம் குங்குமம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, பூசணிக்காய் சுற்றி, ஒரு தட்டு நிறையச் சூடத்தை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு அவன் காட்டிய தீபாராதனையில் சந்தே புகைந்தது. என் பெண்டாட்டியையும் பிள்ளையையும் சுமந்த படகு, இதற்குச் செய்யாமல் வேறு எதற்குச் செய்யப் போகிறேன் என்று அவன் நெஞ்சு கேட்டது. நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட இடம் திருவண்ணாமலை, கேட்கப்பட்ட நேரத்தில் சுற்றி நின்றவர்கள் சாமி தூக்குகிறவர்கள்.

இளவரசன் தன் இடத்துக்கு வந்து தோள் கொடுத்தான். "அண்ணாமலையாருக்கு!" என்றார் அருணகிரி. "அரோகரா!" என்று ஒரே மூச்சில் படகு எழும்பியது. ஒரு பக்கம்கூடச் சாயவில்லை. அப்பாதுரை டிரெய்லரைக் கீழேயிருந்து உருவிச் சந்தின் உள்பக்கமாகத் தள்ளினார். ஏற்கெனவே பேசி வைத்தபடி, இனி அப்படியே நின்று, அடுக்கி வைத்த டயர்கள்மேல் படகை இறக்க வேண்டும்.

யாரும் நிற்கவில்லை. தோளில் தண்டு ஏறி, அரோகரா சொல்லி, மாலை மணமும் சூடப் புகையும் மூக்கில் ஏறியபின் நிற்பது என்பது அந்தக் கால்களுக்குத் தெரியாது. முன்தண்டுக்காரர்கள் ஒரு தப்படி வைத்தார்கள். பின்னால் இருப்பவர்கள் வைக்காமல் இருக்க முடியுமா? படகு லேசாக ஆடிக்கொண்டே சந்தைவிட்டு வெளியே வந்து, மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி செங்கம் ரோட்டில் திரும்பி, கிரிவலம் புறப்பட்டுவிட்டது.

ரோடு என்ன செய்யும்? டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். டவுன் பஸ் ஓரம் கட்டியது. ஒரு காபிக் கடை வாசலில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். பூக்கார அம்மா எங்கிருந்தோ ஓடிவந்து படகுக்கு ஒரு முழம் மல்லிகை சாத்திவிட்டு, இது எந்தச் சாமி என்று அப்புறம் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். இளவரசனும் தண்டுக்கு அடியில் இருந்தான். அவன் மட்டும் என்ன? கண்ணில் நீர் வழிய, ஊரே அந்தப் படகைக் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு, மெய்மறந்து நடந்துகொண்டிருந்தான். பின்னால் ஒருத்தர் தலைதெறிக்க ஓடி வருவது அவன் காதில் விழவேயில்லை.

"யோவ்! என் போட்ட எங்கய்யா எடுத்துக்கினு போறீங்க?" அப்பாதுரைக்கு மூச்சு வாங்கியது. "அணை இந்தாண்டயே கெடையாதுய்யா!"

பேக்கரி வாசலில்தான் கால்கள் நின்றன. அப்போதும் பின்னால் நடக்க ஒருவரும் ஒப்பவில்லை. சாமியைப் பின்பக்கமாகக் கொண்டு போகிற பழக்கம் இல்லை. ஒரு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து, பெரிய வட்டமாகத் திரும்பி, வந்த வழியே வந்து, ஒருவழியாகப் படகைப் பட்டறைக்குள் டயர்கள்மேல் இறக்கினார்கள். எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. எல்லோர் முகத்திலும் திருவிழாக் களை.

"சரி சித்தப்பா, இப்டியே கவுத்துடலாமா?" என்று கேட்டான் இளவரசன்.

அருணகிரியின் களை இறங்கியது. "கவுக்கறதா? எதை?"

"போட்டத்தான்."

"டேய். மாலை போட்டு, சூடம் காட்டி, அரோகரா சொல்லித் தோள்ல ஏத்தி ரோட்ல எழுந்தருளப் பண்ணியாச்சி. ஊரே கும்புட்டுச்சி. அதப் போயி தலகீழா கவுக்கச் சொல்றியே, நீ இன்னா சாப்ட்ட?" அவர் தண்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். மற்றவர்களும் எடுத்துவிட்டார்கள். "நாங்கல்லாம் குடும்பஸ்தங்கடா. புள்ள குட்டி இருக்குது. என்னால ஆவாது."

இளவரசன் படகின் பக்கம் போனான். சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. சூடம் காட்டியது அவனேதான். அவன் கையே அந்த மாலையைத் தாண்டிப் படகின் விளிம்பைப் பிடிக்கக் கூசியது. கும்பிட்ட பொருளைக் கவிழ்ப்பதா, கவிழ்க்காமல் ஒழுக விடுவதா என்று புரியாமல் நின்றான்.

அப்பாதுரைக்குத்தான் பொறுக்கவில்லை. "சாமியாவது பூதமாவது! தெனைக்கும் மீன் நாத்தத்தோட நான் ஏறி மிதிக்கிற போட்டுய்யா இது! இதுல குந்தி பீடி குடிச்சிருக்கேன்!" என்று கத்தினார். அருணகிரி அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பாதுரை படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார், நின்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "வுடுப்பா இளவரசு. நீ ஆசப்பட்டு செஞ்ச, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. மறுபடி டிரெய்லர்ல ஏத்திக் குடுத்துடச் சொல்லு, நான் இட்டுக்கினு போறேன்." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். லாட்ஜ் தொப்பி அவர் தலையில் ஏறிவிட்டது என்றே இளவரசனுக்குப் பட்டது. நன்றிக்கடன் தீர்க்கப் போய் இந்த மனிதரின் பிழைப்பையே கெடுத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டான்.

அந்த நேரத்தில்தான் சந்திரகலா எல்லோருக்கும் டிபன் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தாள். முன்னால் இனியா நின்றுகொண்டிருந்தாள். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆண்களையும், மாலையும் கழுத்துமாக இருக்கிற படகையும் சந்திரகலா பார்த்தாள். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் ஒரு பாதி சொன்னார்கள். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அருணகிரியிடம். "வூட்ல மஞ்சள்ல புள்ளையார் புடிச்சி வைக்கறமே, பூஜ முடிஞ்சதும் அவர இன்னா பண்றோம்?"

"தண்ணியில கரைக்கிறோம்."

"சாமியப் போயி கரைக்கலாமா?"

"அப்டியே கரைப்பாங்களா? மொதல்ல வடக்கால கொஞ்சம் நகத்தி வைப்போம். நகத்திட்டா சாமி தன் எடத்துக்குப் போயிடுச்சின்னு அர்த்தம். அப்புறம் அது வெறும் மஞ்சள்..." அருணகிரி பாதியில் நிறுத்தினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கே புரிந்துவிட்டது. சுற்றியிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவர் படகைப் பார்த்தார், வடக்கே பார்த்தார். பட்டறைக் கூரைக்கு மேலே மலை நின்றது. "வடக்கு மலைப் பக்கம்தான் இருக்குது" என்றார், அதையும் தானே கண்டுபிடித்த மாதிரி. "பேஷாப் போவட்டும். தூக்குங்கடா!"

அரோகரா இந்த முறை இன்னும் பலமாகக் கேட்டது. படகை ஒரு சாண் வடக்கே நகர்த்தி வைத்தார்கள். அருணகிரியே மாலையைக் கழற்றி, மல்லிகையை மட்டும் இனியாவின் தலையில் வைத்தார். பிறகு அவரே முதல் ஆளாக விளிம்பைப் பிடித்தார். ஒரு பக்கம் எழும்பி, நிமிர்ந்து, மறுபக்கம் ஏந்தி வாங்கிய கைகளில் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது போலப் படகு குப்புறப் படுத்தது. எங்கும் ஒரு கீறல் விழவில்லை. அப்பாதுரை அப்போதுதான் மூச்சு விட்டார். கூட்டம் டிபன் பாத்திரங்களைச் சூழ்ந்துகொண்டது.

இளவரசன் சாப்பிடப் போகவில்லை. ஈரத் துணியால் படகின் அடியைத் துடைத்துக்கொண்டே வந்தான். நடுவில் ஓரிடத்தில் கை நின்றது. முழங்கை நீளத்துக்கு ஒரு பிளவு. அதில் தாரும் எம்சீலும் சணலும் மாற்றி மாற்றித் திணித்திருந்தது. வருடக்கணக்காக யாரோ அடைத்து, பெயர்ந்து, மறுபடி அடைத்த வேலை. பிளவின் ஓரத்தில் நீளமாகப் பச்சைத் தீற்றல். துணியை அழுத்தித் தேய்த்தான். போகவில்லை, வெயில் பட்டதும் உள்ளே பொடிப்பொடியாக மினுங்கியது.

அது கார் பெயிண்ட். மெட்டாலிக் பச்சை. யாரோ ஒருவரின் வேனுக்குக் கலந்து மிச்சமானதை வீணாக்க மனமில்லாமல் தன் வீட்டுப் பின்பக்கக் குட்டைக் காம்பவுண்டுச் சுவருக்கு அடித்திருந்தான் இளவரசன். சுவருக்குப் போய் வண்டி பெயிண்ட் அடிக்கிற கிறுக்கன் இந்த மாவட்டத்திலேயே அவன் ஒருவன்தான். வெள்ளத்தன்று திரும்பும்போது தெருப் பக்கம் இழுப்பு அதிகம் என்று அப்பாதுரை பின்பக்கமாகப் படகை விட்டதும், சுவரைத் தாண்டும்போது அடியில் கர்ரென்று ஒரு சத்தம் கேட்டதும் அவனுக்கு இப்போது நினைவு வந்தது. அப்போது சந்திரகலா போட்ட கூச்சலில் அதை யார் கவனித்தது?

அவன் நிமிர்ந்தான். எதிரே அப்பாதுரை நின்றிருந்தார். அவன் கை எங்கே இருக்கிறது என்று அவரும் பார்த்துவிட்டார்.

"செவுத்துக்கு மேல தண்ணி கம்மியா இருந்துச்சி" என்றார் மெல்ல. "எறங்கச் சொல்லித் தாண்ட வைக்கலாம்னா, அந்தப் பொண்ணு இருந்த இருப்பு... படுத்தபடியே இருக்கட்டும்னு ஒரே தள்ளா தள்ளிட்டேன்."

"அன்னியிலேர்ந்தே ஒழுவுதாண்ணா?"

அவர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டார். அதுவே பதில்.

"இத்தினி வருசமா தண்ணி எறைச்சிக்கினே வலை போட்டீங்களா? ஏண்ணா சொல்லல? பட்டற என்னாண்டதான இருக்குது! ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றான் இளவரசன்.

"சொன்னா நீ ஓடியாந்திருப்ப. அதான் சொல்லல." அப்பாதுரை இனியாவைப் பார்த்தார். அவள் அருணகிரியின் மடியில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தாள். "கொழந்தயப் பாக்கறப்பல்லாம் உனுக்கு அது மட்டுந்தான் தெரியணும். அது கூடவே என் போட்டு ஓட்டையும் எதுக்குத் தெரியணும்? தோள்பட்ட மட்டும் ஒத்துழைச்சிருந்தா இப்பகூட வந்திருக்க மாட்டேன்."

இளவரசன் அழுதான். பட்டறையில், அத்தனை பேர் எதிரில், மூக்கைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதான். அருணகிரி ஏதோ சொல்ல வாயெடுத்ததைச் சந்திரகலா கையமர்த்தினாள். அவள் கண்ணும் காயவில்லை. அவள் அப்பாதுரைக்கு ஒரு தட்டில் இட்லி வைத்துக் கொண்டுபோய் நீட்டினாள். "அண்ணா, சாப்டுங்க" என்றாள். அப்பாதுரை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேலை. பழைய தாரையும் சணலையும் சுரண்டி எடுத்து, பிளவை அகலப்படுத்தி, உள்ளும் புறமும் துணி மேல் துணியாக ஒட்டினான். மழை தூறினால் காயாது என்று பட்டறைக்குத் தார்ப்பாய் கட்டினான். ஆட்டோக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். தீபம் முடியட்டும் என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, ஆடியில் என்ன தீபம் என்று அவர்கள் கேட்டதும் சிரித்தான். அந்தப் பச்சைத் தீற்றலைத் தேய்த்து எடுக்கும்போது மட்டும் மெஷினை வைத்துவிட்டுக் கையால் தேய்த்தான். கார் கம்பெனியின் இயந்திரக் கைக்குச் சவால் விடுகிற மாதிரி நீலம் அடித்தான். கூட்டம் மறுபடி வந்து, இந்த முறை மாலையும் சூடமும் இல்லாமல், படகை நிமிர்த்தி டிரெய்லரில் ஏற்றியது. அரோகரா சொல்லக் கூடாது என்று அருணகிரி கண்டிப்பாக உத்தரவு போட்டிருந்தார். அவரே முதலில் சொல்லிவிட்டார்.

சங்கத்து ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், தாங்களே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அணைக்குக் கொண்டு போனார்கள். இளவரசன் கரையில் நின்றான். அப்பாதுரை தனியாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். மோட்டார் வேண்டாம் என்றுவிட்டார். தண்ணீர் நடுவே போய்ப் படகு நின்றது. அவர் குனிந்து அடியில் கையை வைத்துத் தடவுவது தெரிந்தது. நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

நேரம் போனது. இளவரசன் தண்ணீர் விளிம்புவரை இறங்கி நின்றான். எங்கே விட்டோம், எந்த ஓரத்தில் துணி சரியாக ஒட்டவில்லை என்று ஒவ்வொரு அங்குலமாக நினைத்துப் பார்த்தான். தாங்க முடியாமல் கையைக் குவித்துக்கொண்டு கத்தினான்.

"இன்னாண்ணா! தண்ணி ஏறுதா?"

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தண்ணீர்மேல் அவர் குரல் நிதானமாக வந்தது.

"இல்லப்பா. சும்மா குந்தினு இருக்கறேன்."

இளவரசனும் கரையில் உட்கார்ந்துகொண்டான்.